மிஸ்ட்டுக்குள்ள போன ஆவரேஜ்

சாப்ட்பாலுக்கு ஸ்கோர் எழுதுறதுங்கிறது, மட்டையைத் தொடாமலே திட்டு வாங்குற வேலை. கோத்தகிரிப் பக்கம் ஒரு ஸ்கூல்ல நான் கணக்கு டீச்சர். 'உங்களுக்குத்தான் வகுத்தல் தெரியுமே'ன்னு மாவட்டச் சங்கத்துக்காரங்க பிடிச்சு உட்கார வெச்சுட்டாங்க. கணக்கு வரும்னு வாய்தவறிச் சொல்லி மாட்டிக்கிட்ட ஜென்மங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

முப்பது மார்க்

எங்க ஸ்கூல் ப்ளஸ் டூ ரம்யா, கீழ் கோத்தகிரி எஸ்டேட் பொண்ணு. அப்பா மணி, எஸ்டேட்ல இலை லாரி ஓட்டுறார். மாவட்ட டீம்ல இடம் கிடைச்சா கோயமுத்தூர்ல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட்டு. கிடைக்கலைன்னா படிப்பு இதோட சரி. டீமை ஆவரேஜ் பார்த்துத்தான் எடுப்பாங்க.

வாட்ஸ்அப் குரூப்ல ஆவரேஜ் போட்டேன். ரம்யாவுக்கு 0.300. மறுநாளே மணி ஸ்கூல் வாசல்ல லாரியை நிறுத்திட்டு வந்துட்டார். நூத்துக்கு முப்பதுன்னா பெயிலுங்களேன்னு முகமெல்லாம் வாடிப் போச்சு. பத்து தடவை ஆடி மூணு தடவை அடிச்சாலே இந்த ஆட்டத்துல கெட்டிக்காரிங்கன்னு பொறுமையா விளக்கினேன். மனுஷன் எல்லாத்துக்கும் தலையாட்டிட்டுக் கேட்டார்: "அப்ப மீதி ஏழு தடவை என்னங்க டீச்சர் பண்ணீட்டிருந்தா?"

சேராத கணக்கு

பந்து போடுறவ நாலு பந்தைக் கோணலாப் போட்டா, அடிக்காமலே முதல் பேஸுக்கு, அதாவது ஓடிச் சேர வேண்டிய முதல் கட்டத்துக்கு, நடந்து போகலாம். ரம்யாவுக்கு அதுல கண்ணு கூர்மை, கெட்ட பந்தைத் தொடவே மாட்டா. ஆனா நடந்து போனது ஆவரேஜ்ல சேராது. மத்த நேரத்துல எங்க பி.டி. மாஸ்டர், 'மெதுவா தட்டி விடு, பேஸ்ல நிக்கிறவ ஓடட்டும்'பார். தட்டிட்டு இவ அவுட் ஆவா, இன்னொருத்தி ரன் எடுப்பா. அதுக்குப் பேரு சாக்ரிஃபைஸ். அதுவும் சேராது.

பேஸுக்குப் போய்ச் சேர்ந்ததுக்குன்னு தனிக் கணக்கு ஒண்ணு இருக்குங்கன்னு சங்கத் தலைவர்கிட்ட கெஞ்சிப் பார்த்தேன். ஸ்கோர் பேப்பர்ல அதுக்கு இடமில்லைன்னுட்டார். அதை ரம்யாகிட்ட சொல்ல எனக்கே கூச்சமா இருந்துச்சு. அவ ஷூவைக் கழட்டிக்கிட்டே கேட்டா: "ஏனுங்க மிஸ், அடுத்தவ ரன் எடுக்க நான் அவுட்டானது எதுலயுமே வராதுங்களா?"

ஆயிரம்

தலைவர் ஊட்டியில கேரட் மண்டி வெச்சிருக்கார். அவர் மக நிவேதாவும் எங்க ஸ்கூல் டீம்தான். சீசன்ல ஒரே ஒரு தடவை பேட் பிடிச்சா, கண்ணை மூடிட்டு வீசினா, பட்டுருச்சு. ஒண்ணுக்கு ஒண்ணு, 1.000. இதை 'ஆயிரம்'னு படிப்பாங்க. இதுக்கு மேல ஆவரேஜே கிடையாது.

ஒரு தடவையை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்கன்னேன். யார் காதுல ஏறுது? அன்னையிலிருந்து பேட்டிங் வரிசை வரும்போதெல்லாம் அந்தப் பொண்ணுக்குக் கால் வலி. பாவம், அவளுக்கு ஆடணும்னு கொள்ளை ஆசை. தலைவர் மாஸ்டரைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னது எனக்கும் கேட்டுச்சு: "பாப்பா இனி பேட்டைத் தொட வேண்டாம், இதையே மெயின்டெய்ன் பண்ணிக்கலாமுங்க."

கேட்ச்

செலக்‌ஷன் மேட்ச் அன்னிக்கு மாவட்ட டீம்ல ஒரே ஒரு இடம்தான் பாக்கி. வந்த பொண்ணுங்களை எல்லாம் கலந்து ரெண்டு டீமாப் பிரிச்சு ஆட விட்டாங்க. தலைவர் ஆயிரத்தைக் காட்டினார். வெளியூர்ல இருந்து வந்த செலக்டர் மேடம், ரம்யா இன்னிக்கு ஒரு ஹிட் அடிச்சா அவ, இல்லைன்னா நிவேதான்னு முடிச்சுட்டாங்க. கிரவுண்டை ஒட்டித் தேயிலைத் தோட்டம். மத்தியானம் வழக்கம்போல மிஸ்ட், அதான் மூடுபனி, இறங்கி அந்தப் பக்கத்தையே மறைச்சுருச்சு. அங்க எதிர் டீமுக்கு ஃபீல்டிங் நின்னது நிவேதா.

கடைசி வாய்ப்பு, ரம்யா வந்தா. மாஸ்டர் தட்டி விடச் சொல்லிச் சைகை காட்டினார். பார்க்காத மாதிரி திரும்பிக்கிட்டு ஓங்கி ஒண்ணு விட்டா. பந்து மிஸ்ட்டுக்குள்ள போயிருச்சு. அடிச்சது தெரிஞ்சுது, விழுந்தது யாருக்கும் தெரியலை. கொஞ்ச நேரத்துல நிவேதா பந்தோட வெளிய வந்தா. ஷெட்டுலிருந்து தலைவர் 'கேட்ச், கேட்ச்'னு கத்த, அவுட் குடுக்க அம்பயர் கையைப் பாதி தூக்கிட்டார். அவ அப்பா பக்கம் திரும்பவே இல்லை: "பிடிக்கலைங்க சார், செடிக்குள்ள கிடந்துச்சு, தேடி எடுத்துட்டு வந்தேன்."

ஹிட்டுன்னு எழுதறப்போ எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. சாயங்காலம் தலைவர் என்னைத் தேடி வந்தார். திட்டப் போறார்னு பயந்தா, குரலைத் தாழ்த்திக் கேக்கறார்: "எப்படியும் நம்ம பாப்பா ஆவரேஜ் ஆயிரம்தானுங்களே, குறையலையே?"

அடுத்த வருஷத்துக்கும் ஸ்கோர் எழுதக் கூப்பிட்டாங்க, எனக்குக் கணக்கு வராதுன்னு கையெழுத்துப் போட்டே கொடுத்துட்டேன்.