214ஆம் அறையில் கிடைத்த முத்திரைப் புத்தகம்

"8.10.1994, சனி. புத்தகம் உரியவரிடம் சேர்ந்தது. வேலை போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை ஆறுதலாக எழுத வேண்டும்."

என் நாட்குறிப்பில் அன்றைய பதிவு இவ்வளவுதான். ஆறுதலாக எழுதும் நேரம் இப்போதுதான் வாய்த்திருக்கிறது.

அப்போது நான் ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தேன். மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் அறைகள் துப்புரவாக்கும் வேலை. மனைவியும் மகளும் கொழும்பில். அவர்களைக் கூப்பிடும் விண்ணப்பத்தில் வேலைக் கடிதம் மட்டுமே குறையாக இருந்தது. அடுத்த கிழமை தருவதாக முகாமையாளர் சொல்லியிருந்தார்.

இலை நிறம் மாறும் காலத்தில் ஜப்பானியச் சுற்றுலாக் குழுக்கள் வந்தபடி இருக்கும். ஓரிரவு தங்கி, நயாகராவுக்குப் போய், விமானம் ஏறுமுன் மறுபடி எங்களிடம் வருவார்கள். 6ஆம் திகதி வியாழன், அப்படியொரு குழு புறப்பட்ட பிறகு, 214ஆம் அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு புத்தகம் அகப்பட்டது. விசிறிபோல மடிந்து விரியும் தடித்த தாள். பக்கத்துக்குப் பக்கம் ஒரு சிவப்பு முத்திரை, அதன்மேல் தூரிகையால் கறுப்பு எழுத்து. எல்லாப் பக்கங்களிலும் ஓரமாகச் சிறிய வரி ஒன்று. அது திகதியாகத்தான் இருக்கும் என்று எனக்கு உடனே பட்டது.

கண்டெடுத்த பொருளை அன்றே அலுவலகத்தில் பதிந்து கொடுக்க வேண்டும். வெளியே கொண்டுபோனால் களவு. அது தெரிந்தும், அந்தத் திகதிகளை வாசித்தறியும் ஆசையில் நான் கொண்டுபோனேன். மறுநாள் எனக்கு விடுமுறை. சனிக்கிழமை காலை கொடுத்துவிடலாம், யார் தேடப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் நூலகத்தில் கழிந்தது. ஜப்பானுக்குப் போகும் பயணிகளுக்கான வழிகாட்டி ஒன்றில், பார்க்கவேண்டிய ஒவ்வோர் இடத்தின் பெயரும் அவர்களின் எழுத்திலும் அச்சாகியிருந்தது. போகும் கோயில்தோறும் இப்படி முத்திரையும் பெயரும் திகதியும் வாங்கிச் சேர்ப்பது அங்கே வழக்கம் என்றும் அதில் இருந்தது. கோடு கோடாக ஒப்பிட்டு, என் கொப்பியில் வரைந்து பட்டியலிட்டேன். கியோட்டோவில் பொன்தகடு போர்த்த கோயில். அதே ஊரில் மலைச்சரிவில் மரத்தூண்கள் தாங்கும் கோயில். மான்கள் திரியும் நாராவில் பெரிய புத்தர். அதன்பின் காமகுராவில் வெட்டவெளியில் அமர்ந்திருக்கும் இன்னொரு புத்தர். கடைசியாக, கடல்நீரில் வாசல் நிற்கும் மியாஜிமா. திகதிகள் அவர்களின் மன்னர் ஆட்சியாண்டில் இருந்தன. புதிய ஆட்சி 1989இல் தொடங்கியது என்று வழிகாட்டி சொன்னது. ஆகவே இரண்டாம் ஆண்டை 1991 என்று எழுதினேன். நாராவுக்கும் காமகுராவுக்கும் இடையில் மூன்று வருடங்கள் ஒரு முத்திரையும் இல்லை. அந்த இடத்தில் பெரிய கேள்விக்குறி போட்டேன்.

சனி காலை ஹோட்டலின் பின்வாசலிலேயே, எனக்கு வேலை எடுத்துத் தந்த அண்ணை மறித்தார். துணி தோய்க்கும் பகுதி அவருடையது.

"டேய், 214 நீதானே செய்தனீ? அந்த அறையில இருந்த மனுசி ரெண்டு நாளா ரெலிபோன் அடிச்சுக் கோயில் முத்திரைப் புத்தகமொண்டு தேடுது. இப்ப லொபியில வந்து நிக்குது."

என் பையைத் திறந்து காட்டினேன். பிட்டுப் பார்சலுக்குப் பக்கத்தில் அது இருந்தது.

"உனக்கென்ன விசரே? கோயில் பாக்கோணுமெண்டா றிச்மண்ட் ஹில்லுக்குப் போறதுக்கென்ன!" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "இஞ்ச தா. ஊத்தைத் துணிக்குள்ள கிடந்ததெண்டு நான் குடுக்கிறன்."

"வியாழக்கிழமைத் துணி அண்டைக்கே தோய்ச்சாச்சு அண்ணை. திகதி ஒத்துவராது. பிறகு உங்களையும் சேத்துப் பிடிப்பினம்."

"வேலை போற நேரத்திலயும் இவருக்குத் திகதி!"

லொபியில் முகாமையாளரும், ஆங்கிலம் பேசும் ஜப்பானிய வழிகாட்டிப் பெண்ணும், சாம்பல்நிறக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு மூதாட்டியும் நின்றார்கள். புத்தகத்தை இரண்டு கைகளாலும் நீட்டினேன். மூதாட்டி அதை வாங்கி நெஞ்சோடு அணைத்தார். எங்கே இருந்தது என்று முகாமையாளர் கேட்டார். என் வீட்டில் என்றேன். அவர் முகம் இறுகியது. விளக்கமாகச் சொல்ல என்னிடம் ஆங்கிலம் போதவில்லை. கொப்பியை விரித்துக் காட்டினேன்.

மூதாட்டி அதை வாங்கி, நான் வரைந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கைப்பையிலிருந்து பென்சில் எடுத்து 1991ஐ வெட்டி 1990 என்று எழுதினார். ஆட்சி தொடங்கிய ஆண்டையே ஒன்று என்று எண்ண வேண்டுமாம். என் திகதிகள் எல்லாமே ஒரு வருடம் பிழை. பிறகு அவர் விரல் கேள்விக்குறியில் நின்றது. மெல்லப் பேசினார். வழிகாட்டிப் பெண் மொழிபெயர்த்தாள். அதுவரை முத்திரை சேர்த்தவர் அவருடைய கணவர். இறந்தவரோடு இப்படியான புத்தகத்தையும் வைத்து எரிப்பது வழக்கம். இவருக்கு மனம் வரவில்லை. மூன்று வருடங்கள் மூடி வைத்திருந்துவிட்டு, மிச்சப் பக்கங்களை நிரப்பத் தானே புறப்பட்டிருக்கிறார்.

எனக்குத் தலை நிமிரவில்லை. நான் புதிரென்று குறித்துவைத்தது ஒருவருடைய துக்கம்.

அலுவலகத்துக்கு வா என்றார் முகாமையாளர். அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். அப்போது மூதாட்டி அவரைப் பார்த்து ஒரே ஒரு வசனம் சொன்னார். வழிகாட்டிப் பெண் ஒரு கணம் தயங்கி, ஆங்கிலத்தில் சொன்னாள்: "இவர் எடுக்கவில்லையாம். புறப்படும்போது இந்த அம்மாதான் பார்க்கக் கொடுத்தாராம். வயதானதால் மறந்துவிட்டாராம்."

மூதாட்டி அதற்கு முன் ஒருபோதும் என்னைக் கண்டதில்லை. முகாமையாளர் புத்தகத்தையும் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். நல்லது, போய் வேலையைப் பார் என்றார்.

வேலைக் கடிதம் 13ஆம் திகதி வியாழன் கைக்கு வந்தது. மனைவியும் மகளும் 19.8.1995, சனிக்கிழமை வந்து இறங்கினார்கள்.

மூதாட்டி சொன்ன அந்த வசனத்தைக் காதில் விழுந்தபடி அன்றே தமிழ் எழுத்தில் குறித்து வைத்தேன். பின்னர் ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். கணவர் என்ற சொல்லைத் தவிர எதுவும் அவருக்குப் பிடிபடவில்லை. வழிகாட்டிப் பெண் சொன்ன ஆங்கிலத்திலோ கணவர் என்ற பேச்சே இல்லை. ஆகவே என்னைக் காப்பாற்றிய பொய்யைச் சொன்னது அந்த மூதாட்டியா, தயங்கி நின்ற வழிகாட்டிப் பெண்ணா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை. அது தெரியும்வரை என் நன்றியை இருவர் பெயரிலும் முழுமுழுதாகவே பதிந்து வைத்திருக்கிறேன்.