காதுகுத்துப் பேனரில் என் முகம்

என் தங்கை மகனுக்குக் காதுகுத்து வைத்தபோது பேனர் அடிக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. தங்கை வாசுதேவநல்லூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். நான் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் எடை போடுகிறேன். பேனர் கடை மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில்தான் என்பதால், சொந்தக்காரர்களின் போட்டோக்களையெல்லாம் என் போனுக்கு அனுப்பிவிட்டாள்.

அதில் ஒன்றைப் பார்த்ததுமே எனக்கு வயிறு எரிந்தது. மாப்பிள்ளையின் தம்பி, பையனுக்குச் சித்தப்பா. திருப்பூரில் வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம் பையனுக்கு ஏதாவது பொம்மைக் கார் வாங்கிவருவான். படத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பையனை இடுப்பில் வைத்து நிற்கிறான். பையன் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறான்.

என்னிடம் பையனோடு எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. நான் போய்க் கையை நீட்டினால் அவன் தங்கையின் சேலைக்குள் புகுந்துகொள்வான். எனக்கும் கூச்ச சுபாவம். நீட்டிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்துவிடுவேன். கடைசியில், பாஸ்புக்கில் ஒட்ட எடுத்திருந்த படத்தைத்தான் பேனருக்குக் கொடுத்தேன். அதில் நான் ஏதோ விசாரணைக்குப் போனவன் மாதிரி இருப்பேன்.

பேனர் கடையில் டிசைன் போடுகிறவள் கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற ஒரு பெண். ஆட்களை ஒவ்வொருவராகக் கத்தரித்துத் திரையில் வரிசையாக நிறுத்தினாள். நடுவில் பையன், பெரிதாக. அவனுக்குப் பக்கத்தில், இடுப்புப் பிள்ளையோடு அந்தச் சித்தப்பா. அவன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி நான்.

காதுகுத்தில் தாய்மாமன்தான் முதல் ஆள். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நெளிந்துகொண்டே இருந்தேன். அவளுக்கே புரிந்திருக்க வேண்டும்.

“அண்ணே, பிரிண்டர்ல ஃப்ளெக்ஸ் மாட்டணும். யாரை எங்கன வைக்கணுமோ, போட்டோ மேல மவுஸை வச்சு ஒரு அமுக்கு அமுக்குங்க. சுத்திக் கட்டம் வரும். அப்படியே இழுங்க. கெட்டுப்போனா நான் சரி பண்ணிக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மவுஸைத் தொட்டது அன்றுதான் முதல் தடவை. அம்புக்குறியை என் மூக்கின்மேல் கொண்டுபோய் வைத்து அமுக்கினேன். கட்டம் வந்தது. என்னைச் சுற்றி அல்ல, அந்தச் சித்தப்பாவைச் சுற்றி.

கை தவறிவிட்டது என்று நினைத்து, இந்தத் தடவை என் நெற்றியில் அமுக்கினேன். மறுபடியும் அவனுக்குத்தான் கட்டம். கன்னத்தில் அமுக்கினாலும் அவன்தான். என் முகத்தில் அவனுக்கு இடமில்லாத மூலையே இல்லை போலிருந்தது. ஆத்திரத்தில் கட்டத்தின் மூலையைப் பிடித்து வெளியே இழுத்தேன். அவன் பெருத்துக்கொண்டே போனான். அவன் தோள் என் தாடையை மூடியது. நான் கண்ணும் நெற்றியுமாக மிஞ்சினேன்.

திரும்பி வந்த அந்தப் பெண் திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். “என்னண்ணே, அவரை இம்புட்டுப் பெருசாக்கிட்டிய? அம்புட்டுப் பாசமா?”

“நான் என் மூஞ்சியத்தான் அமுக்குனேன். அவன்தான் வாரான்.”

“வருவாருண்ணே. அவரு படத்துல பின்னால இருந்த சுவரு, மரம் எல்லாத்தையும் அழிச்சிட்டேன். நம்ம கண்ணுக்கு வெறும் இடம். ஆனா படத்தோட கட்டம் அப்படியே உங்க மூஞ்சி மேல கிடக்கு. எந்தப் படம் மேலாக்க கிடக்கோ, மவுஸு அதைத்தான் எடுக்கும்.”

கண்ணுக்குத் தெரியாமலே ஒருவன் என்மேல் கிடக்கிறான் என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது. தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அப்படித்தான். அவன் திருப்பூரில் இருப்பான். பேச்செல்லாம் அவனைப் பற்றியே நடக்கும்.

“நான் தாய்மாமன்” என்றேன். குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

“அதை வந்ததுமே சொல்லியிருக்கலாம்லா?” அவனைப் பழைய அளவுக்குச் சுருக்கிவிட்டு, மவுஸின் வலதுபக்கத்தை அமுக்கி, வந்த பட்டியலில் ஏதோ ஒன்றைத் தொட்டாள். நான் சட்டென்று முன்னால் வந்தேன். அவனுடைய ஒரு பக்கம் முழுக்க எனக்குப் பின்னால் போய்விட்டது. நெஞ்சுக்குள் பனி பெய்த மாதிரி இருந்தது. இப்படியே இருக்கட்டும் என்று சொல்லி, படத்தைத் தங்கைக்கு அனுப்பச் சொன்னேன்.

உடனே தங்கையிடமிருந்து போன் வந்தது. “ஏண்ணே, உனக்குக் கண்ணு தெரியுதா இல்லையா? கொழுந்தன் இடுப்புல இருக்க பிள்ளையப் பாதி மறைச்சிக்கிட்டு நிக்கியே. சிரிக்கிற வாயே தெரியலை.”

“நான் தாய்மாமன்லா...”

“யாரு இல்லைன்னா? மாமன் நீதான். அதுக்குப் பிள்ள மூஞ்சில ஏறியா நிப்பாக?”

போன் சத்தம் அந்தப் பெண்ணுக்கும் கேட்டிருக்கும். அவள் என்னை இடது ஓரத்துக்கு நகர்த்தினாள். அவனை வலதுபக்கம் வைத்தாள். என் படத்துக்குக் கீழே ‘தாய்மாமன்’ என்று கொட்டை எழுத்தில் அடித்தாள். யாரும் யாரையும் மறைக்கவில்லை. ஆனாலும் பார்க்கிறவர்களின் கண் அவனிடமும் அந்தச் சிரிப்பிடமும்தான் போகும் என்று தெரிந்தது. சரி, பேனர் கிடக்கட்டும், காதுகுத்தன்றைக்குப் பையன் உட்காரப்போவது யார் மடியில் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சாஸ்தா கோவில் வாசலில், எல்லோரும் பார்க்க, பையனை என் மடியில் வைத்தார்கள். முதல் தடவையாக அவனுடைய முழுக் கனமும் என்மேல் இருந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் மணத்தது. ஆசாரி கம்பியை எடுத்ததும் பையன் துள்ளினான்.

“கெட்டியாப் பிடியும் வே!” என்றார் ஆசாரி.

பிடித்தேன். ஒரு காது முடிந்ததும் பையன் கத்திய கத்தலில் ‘சித்தப்பா’ என்பது மட்டும்தான் புரிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் வந்து எதிரில் மண்டியிட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. பையன் இரண்டு கையையும் அவனிடம் நீட்டினான். இன்னொரு காது பாக்கி இருந்தது. நீட்டிய கைகளை மடக்கி நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பையன் என் மணிக்கட்டைக் கடித்தான்.

இப்போது தங்கை வீட்டுக்குள் நான் நுழைந்தாலே பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடுகிறான். போன தடவை அந்தச் சித்தப்பாவும் ஊருக்கு வந்திருந்தான். பையனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, “மாமாகிட்ட போலே, ஒண்ணும் செய்ய மாட்டாவ” என்று எனக்காகக் கெஞ்சினான். பையன் வரவில்லை. கெஞ்சியது அவனாக இல்லாமல் வேறு யாராவதாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.