என் கைகளை மட்டும் காட்டிய படம்

1993 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, வால்தம்ஸ்டோவிலிருந்து சோஹோவுக்கு நான் போன தூரம் மொத்தமே எட்டு மைல். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். கேளுங்கள். யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோதுகூட நான் இப்படிப் பயப்படவில்லை.

போன காரணம் ஒரு பிரெஞ்சு ஆவணப்படம். முன்பு பாரிசில் இரண்டு வருடம் ஓர் உணவகத்தில் இறால் உரித்தேன். அங்கே அகதிகளைப் படம் பிடிக்க ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்குக் கமெரா, மனைவிக்கு ஒலிவாங்கி. கமெரா என்றால் எங்கள் ஆட்கள் என்ன செய்வோம் என்று தெரியும்தானே? ஊருக்குப் படம் அனுப்புவதுபோல் பட்டுச்சேலை கட்டி, அறைத்தோழியின் சங்கிலியை இரவல் வாங்கிப் போட்டு, அரை நாள் இருந்து என் கதை முழுவதும் சொன்னேன். மறுநாள் வேலையிடத்திலும் எடுத்தார்கள்.

அந்தப் படம் பெரிய பரிசு வாங்கி லண்டனுக்கு வந்தபோது, நான் இங்கே அகதிக் கேஸ் போட்டிருந்தேன். பாரிசில் இருந்தது தெரிந்தால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். என் முகத்தைத் திரையில் பார்க்காமல் விடுவேனா? அதே சேலையைக் கட்டி, மேலே கோட்டை மாட்டினேன்.

துணைக்கு வந்தவர் பெரியம்மாவின் மகன், மினிகேப் என்ற வாடகைக் கார் ஓட்டும் அண்ணை. சோஹோவில் கார் விட இடமில்லை என்பதால் 1.10க்கு விக்டோரியா லைன் சுரங்க ரயில் பிடித்தோம். நாள் டிக்கெட் இரண்டு பவுண் எண்பது. 1.32க்கு ஒக்ஸ்போர்ட் சேர்க்கஸ். அங்கிருந்து பத்து நிமிட நடை, மழையென்றால் பதினைந்து. அன்று மழை. அரங்கில் அறுபது கதிரைகள், நுழைவு நான்கு பவுண்.

இரண்டு மணிக்குப் படம். படத்தில் பேசிய பாதிரியாருக்குப் பெயர் போட்டார்கள், பொலிஸ் அதிகாரிக்கும் போட்டார்கள். பாதிப் படத்தில் இரண்டு கைகள் இறால் உரித்தன. இடது பெருவிரலில் எண்ணெய் சுட்ட தழும்பு. என் கைகள்தான். பேசியதும் நான்தான். கீழே எழுத்து: 'ஓர் அகதி'. படம் முடியும்வரை என் முகம் வரவே இல்லை. எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது.

“நல்லதாப் போச்சு பிள்ளை. ஒருத்தருக்கும் தெரியாது. எழும்பு, போவம்,” என்றார் அண்ணை.

“நீங்கள் போங்கோ அண்ணை. நான் கேட்டிட்டு வாறன்.”

அந்தத் தம்பதி மேடையில் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எழுந்து, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், “என்னுடைய முகம் எங்கே?” என்றேன். அந்த அம்மா அடையாளம் கண்டு இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு மறைக்காமலே சொன்னார்: பட்டும் சங்கிலியுமாக நான் அகதி மாதிரியே இல்லையாம். பார்ப்பவர்கள் நம்பமாட்டார்களாம். உங்கள் பாதுகாப்பையும் யோசித்தோம் என்றார் கணவர்.

“என்னிடம் கேட்டீர்களா?”

நான் கோட்டைக் கழற்றிவிட்டுச் சனத்தைப் பார்த்துத் திரும்பி, உடைந்த இங்கிலீசில் சொன்னேன்: “என்னுடைய பெயர் புனிதவதி. ஊர் மானிப்பாய். அந்தக் கை என்னுடையது. அகதி பட்டுச்சேலையும் கட்டுவாள்.”

அண்ணை தலையில் கைவைத்தபடி இருந்தார். அந்த அம்மா என் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்த பிரதியில் பெயர் வரும் என்று பிறகு கடிதம் போட்டார். என் முகம் இருந்த சுருளைத் தேடியும் கிடைக்கவில்லையாம். இன்னும் எனக்குக் கோபம்தான்.

திரும்பி வந்து வால்தம்ஸ்டோவில் இறங்கும்போது அண்ணை, “சீலை வடிவாத்தான் இருந்தது,” என்று சொன்னார்.

அந்த அரங்கம் இப்போது காப்பிக்கடை, தேடிப் போகாதீர்கள். சோஹோவுக்குப் போனால் சனிக்கிழமை காரைத் தொடவே வேண்டாம், குடையை மறக்கவும் வேண்டாம். கமெராவோடு யாராவது வந்தால், எதைக் காட்டப் போகிறார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

என் கேஸ் நான்கு வருடம் இழுபட்டது. இன்றும் லண்டனில்தான் இருக்கிறேன். அந்தப் படத்துக்குப் பிறகு நடந்த அகதி நேர்காணலில் சொல்லவேண்டிய பதிலை, பிரான்ஸ் என்ற பேச்சே இல்லாமல், ஒருவர் எழுதித் தந்திருந்தார். அந்தத் தாளைப் பைக்குள்ளேயே விட்டேன். “பிரான்சில் இருந்தீர்களா?” என்றார் அதிகாரி.

“ஓம், இருந்தனான்,” என்றேன். அன்றும் அந்தச் சேலையைத்தான் கட்டியிருந்தேன்.