மச்சானின் பையில் ஒரு பாட்டில்

ஒரு பாட்டில் பிராந்தியால் ஒரு மனிதனின் வாயை அடைத்துவிட முடியும் என்று நான் நம்பினேன். வாங்கிக் கொடுத்து அல்ல. அவர் வெற்றிலைகூடப் போடாதவர். அவருக்கே தெரியாமல் அவர் பையில் அதை வைத்து, சைக்கிளிலேயே புதுச்சேரி எல்லையைத் தாண்டவிட்டு, அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டுப் போலீஸ்காரர் கையால் அதை வெளியே எடுக்கவைத்தால், அன்றோடு அந்த வாய் மூடிக்கொள்ளும் என்று நம்பினேன். நாற்பத்தேழு வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாக இருந்துகொண்டு நம்பினேன்.

அவர் என் மனைவியின் அண்ணன். ரெட்டியார்பாளையத்தில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி மாடிவீடு. கோயில் கமிட்டித் தலைவர். நல்ல மனிதர் என்று ஊர் சொல்லும். ஊருக்கு என்ன, அவர் வாயில் விழுந்தது நான்தானே.

சுனாமி வந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். கடலோர வைத்திக்குப்பத்தில் அழுகை ஓயாத வாரம். ஒரு காலையில் ‘கடல் மறுபடியும் வருது’ என்று ஒரு புரளி தெருவுக்குள் ஓடி வந்தது. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு பஸ் ஸ்டாண்டு, மூன்று சினிமா கொட்டகை, எண்ணிலடங்காத சாராயக்கடை. இத்தனையையும் தாண்டிக் கடல் என்னைத் தேடி வரும் என்று என் மூளை முடிவு செய்தது. புதிதாக வாங்கிய கலர் டிவியைச் சைக்கிள் கேரியரில் கட்டி, தள்ளிக்கொண்டே ஓடி, மச்சான் வீட்டு மாடியில் ஏற்றிவிட்டேன். மனைவி வீட்டிலேயே இருந்தாள். கூப்பிட்டேன், அவள் வரவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் இதைத்தான் சொன்னேன்.

மச்சான் சொல்வது வேறு மாதிரி. காதுகுத்து, கிருகப்பிரவேசம், எந்தப் பந்தியானாலும் ரசம் வருகிற நேரத்துக்கு ஆரம்பிப்பார்.

“டிவிக்குக் கீழ தலகாணி வெச்சி, மெத்துமெத்துன்னு எறக்குனாரு. மூச்சு வாங்குது மனுசனுக்கு. தண்ணி குடுத்துட்டு மெதுவா கேட்டேன். மாப்ள, எந்தங்கச்சி எங்கன்னு. திரும்பிப் பாத்தாரு பாருங்க! கேரியர்ல தேடுறாரு!”

பந்தியே இலையில் விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்ய? தமாஷ் பேர்வழி என்று பெயர் எடுத்தவன் கோபப்பட்டால், அதுவும் தமாஷில்தான் சேரும்.

ஒரு வருடம் பொறுத்தேன். தை பிறந்தது, மாசியில் என் மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று முடிவானது. தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்ற முடியுமா? முன்வரிசையில், சம்பந்திக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். ரசம் வரும். பெண் கொடுக்கிற வீட்டுத் தலைவன் பெண்டாட்டியை விட்டுவிட்டு டிவியைக் காப்பாற்றியவன் என்பது மாப்பிள்ளை வீட்டுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். அதற்குள் அந்த வாயை மூடியாக வேண்டும். கமிட்டித் தலைவர் பையில் பிராந்தி என்று என் கையில் ஒரு கதை இருந்தால் போதும். நீ அதைச் சொல்லாதே, நான் இதைச் சொல்லமாட்டேன். இதை நினைத்து நினைத்து ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன்.

இருவருக்கும் சர்க்கரை. டாக்டர் சொன்னதால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் எடுத்துக்கொண்டு, வில்லியனூர் தாண்டி, சங்கராபரணி ஆற்றங்கரையோடு மேற்கே போய்வருவது வழக்கம். வேகமெல்லாம் கிடையாது. கிழவர்கள் நடந்தே எங்களைத் தாண்டிப் போவார்கள். அந்த ஞாயிறு அவர் வீட்டு வாசலில், அவர் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது, ஹேண்டில்பாரில் தொங்கிய தாம்பூலப் பையில், அவர் மனைவி கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலத்துக்கு அடியில், துண்டில் சுற்றிய பாட்டிலைச் செருகினேன். அது தாம்பூலப் பையாகவே அமைந்ததில் எனக்கு ஏன் சந்தோஷம் தெரியுமா? எங்கள் ஊர்க் கல்யாணத்துக்கு வரும் விழுப்புரத்து உறவுக்காரர்கள் தேங்காய்க்கு அடியில் பாட்டில் வைத்துக்கொண்டு போவது அதில்தான். போலீஸ்காரர்கள் முதலில் கை விடுவதும் அதில்தான்.

“இன்னா மாப்ள, மூஞ்சி இன்னிக்கிப் பளபளன்னு இருக்கு?”

“ஒண்ணுமில்ல மச்சான். காத்து நல்லாருக்கு.”

காற்று நன்றாகத்தான் இருந்தது. மழை முடிந்து ஆற்றில் தண்ணீர் தெளிந்து ஓடியது. கரும்புத் தோட்டம் முடிந்தால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லை, அது முடிந்தால் சவுக்கு. கரை மண் ஈரத்தில் இறுகி, சைக்கிள் தானாகவே போனது. நாணலுக்குள்ளிருந்து ஒரு நாரை எழுந்து எதிர்க்கரைக்குப் போய் உட்கார்ந்தது. மச்சான் நின்று அதைப் பார்த்தார். எருமை குளிப்பாட்டுகிறவரிடம் நின்று பால் எவ்வளவு கறக்கிறது என்று விசாரித்தார். மதகில் நின்றார். நின்ற இடத்திலெல்லாம் நான் மனதுக்குள் அவரைப் பிடரியைப் பிடித்துத் தள்ளினேன். நட, உனக்காக ஒருவர் காக்கிச் சட்டையில் காத்திருக்கிறார்.

ஒரு கூரை டீக்கடையில் உட்கார்ந்தோம். சர்க்கரை இல்லாத டீ. கடைக்காரர் பெட்டிமேல் சின்ன டிவி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

“ஏங்க, இத பத்தரமா பாத்துக்குங்க. இவுரு பக்கத்துல வெக்காதீங்க,” என்று கடைக்காரரிடம் ஆரம்பித்து, முழுக்கதையையும் சொல்லி முடித்தார். முன்பின் தெரியாத கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “இன்னொரு டீ குடிங்க சார், காசு வேணாம்,” என்றார் என்னிடம். அந்த டீயைக் குடித்தேன். ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு சபதம். பாட்டில் வைத்ததில் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச உறுத்தலும் அந்தத் தம்ளரோடு கழுவப்பட்டது.

அப்புறம்தான் வந்தது பயம். கரையேறி அரை மைல் போயிருப்போம். போலீஸ்காரர் பையைத் திறக்கிறார், பாட்டிலை எடுக்கிறார். இதுவரைதான் நான் யோசித்திருந்தேன். அதற்கடுத்து அவர் என்ன கேட்பார்? ‘கூட வந்தது யாரு?’ என் சைக்கிளையும் சேர்த்துச் சாத்தி வைப்பார். இரண்டு பேரையும் பெஞ்சில் உட்கார வைப்பார். யாராவது ஜாமீனுக்கு வரவேண்டும். யார் வருவார்? மச்சானின் தங்கச்சி. பெஞ்சில் அண்ணன் ஒரு பக்கம், புருஷன் ஒரு பக்கம். பாட்டில் எங்கே வாங்கியது என்று விசாரித்தால், ரெட்டியார்பாளையத்துக் கடைக்காரர் என்னைத் தவிர வேறு யாரைக் காட்டுவார்? பெடல் என்னைச் சுற்றியது.

“மச்சான், பையைக் குடுங்க. நான் மாட்டிக்கிறேன். ஒங்களுக்கு பாரம்.”

“நாலு இட்லி இன்னா பாரம் மாப்ள? நீங்க டிவி தூக்குன ஆளு, ஒங்களுக்கு எதுக்கு செரமம்?”

சரி, எல்லைக்கு முன்னால் எங்காவது உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிற சாக்கில் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் எல்லை எங்கே? இங்கேதான் என்னைப் போன்ற புதுச்சேரிக்காரன் ஏமாறுவான். எங்கள் ஊர் ஒரே துண்டாகக் கிடையாது. நாலு தெரு புதுச்சேரி, நடுவில் ரெண்டு கொல்லை தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி. மெயின் ரோட்டில் போகிறவனுக்கு சாராயக்கடையைப் பார்த்தால் தெரியும், எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று. ஆற்றங்கரையில் எதைப் பார்ப்பது?

மல்லாட்டைக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் குரல் கொடுத்தேன். “ஏம்மா, இது புதுச்சேரியா, தமிழ்நாடா?”

அவர் நிமிர்ந்து களைக்கொத்தை நீட்டினார். “இந்தப் பாத்தி பாண்டி. அந்த வரப்புக்கு அந்தாண்ட தமிழ்நாடு.”

“அப்ப நாங்க நிக்கிறது?”

“நீங்க வந்த வழி பூரா தமிழ்நாடு. பனமரத்தத் தாண்டுனீங்களே, அப்பலேருந்து.”

இரண்டு மைலாக நாங்கள் கடத்தல்காரர்கள்.

“ஏன் மாப்ள, நெலம் கிலம் வாங்கப் போறீங்களா?” என்றார் மச்சான், மணியை அடித்துக்கொண்டே. நான் பதில் சொல்வதற்குள் கரைப்பாதை வளைந்து ரோட்டில் ஏறியது. ஏறின இடத்தில் ஒரு கீற்றுக்கொட்டாய், குறுக்கே ஒரு மூங்கில், நிழலில் ஒரு போலீஸ்காரர்.

அவர் எழுந்திருக்கக்கூட இல்லை. கையை மட்டும் தூக்கினார். வாயைத் திறந்து, “அணை மேல தண்ணி…” என்று ஆரம்பித்தார்.

“சார், அது என்னுது சார்!” என்று கத்திவிட்டேன். “அவரு குடிக்கவே மாட்டாரு சார்! கமிட்டித் தலைவரு! நான்தான் சார் வெச்சேன்!”

போலீஸ்காரர் அப்போதுதான் எழுந்தார்.

“எது ஒன்னுது?” என்றார் போலீஸ்காரர். “நீங்க வந்த வழியில அணை மேல தண்ணி போவுதா, வண்டி வருமான்னு கேக்க வந்தேன்யா.”

மச்சான் பையைப் பார்த்தார். கையை விட்டு இட்லியை எடுத்தார். துண்டை எடுத்தார். துண்டிலிருந்து பாட்டிலை எடுத்து, செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு நின்றார். என் ஆயுசில் அவர் வாய் பேச்சில்லாமல் திறந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். அதை ரசிக்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

போலீஸ்காரர் என் வயதைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். “நீயே தொறந்து நீயே ஊத்து. இன்னொரு தடவ பாத்தேன், சைக்கிளு இங்கயே துருப்புடிக்கும்.” ஊற்றினேன். மண் குடித்தது. “இட்லியில ரெண்டு குடுத்துட்டுப் போங்க,” என்றார். கொடுத்தோம்.

திரும்பும் வழியில் மச்சான் எங்கேயும் நிற்கவில்லை. எருமைக்காரர் கையசைத்தார், அதற்கும் நிற்கவில்லை. மதகுக்கு வந்ததும் இறங்கி, சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“எதுக்கு மாப்ள?”

“நிச்சயதார்த்தத்துல அந்தக் கதைய சொல்லாதீங்க மச்சான். சம்பந்தி முன்னால வேணாம்.”

“இதுக்கா?” அவர் குரலில் கோபம்கூட இல்லை. “நான் எப்பவோ விட்டுருப்பேன் மாப்ள. ஒரே கதைய எத்தினி பந்தியில சொல்றது? எந்தங்கச்சிதான் பின்னால வந்து நிக்கிறா. அண்ணே, அத சொல்லுண்ணே, இவங்க கேட்டதில்லன்னு. தண்ணி ஊத்துற சாக்குல வந்து காதுல சொல்லிட்டுப் போறா. நீங்க பாத்ததில்ல?”

நான் பார்த்ததில்லை. பந்தியில் நான் சிரிப்பதில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

“டீக்கடயில அவ இல்லியே?” என்றேன்.

“அது பழக்கதோசம்,” என்றார். “வேணும்னா நீங்களே அவகிட்ட சொல்லிப் பாருங்க. அவ வேணான்னா நான் வாயத் தொறக்கல.”

நான் அவளிடம் சொல்லவில்லை. மாசியில் நிச்சயதார்த்தம் நடந்தது. ரசம் வந்தது. அவள் சொம்போடு அண்ணன் நாற்காலிக்குப் பின்னால் போய்க் குனிந்ததை முதல்முறையாகப் பார்த்தேன். மச்சான் ஒருமுறை என் பக்கம் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். சம்பந்திக்குப் புரையேறியது.

கடல் வருது என்று புரளி வந்த அன்றைக்கு நடந்தது இதுதான். நான் அவளைக் கூப்பிடவில்லை. அவள் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். டிவியைக் கட்டக் கயிறு தேவைப்பட்டது. பின்கட்டுக்குப் போய், அவளைத் தாண்டி, துணி காயப்போடும் கொடியை அவிழ்த்தேன். “எதுக்குங்க கயிறு?” என்று கேட்டாள். “வந்து சொல்றேன்,” என்று சொல்லிவிட்டுப் போனேன்.