பட்டியலில் லாடாங்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் வந்தால் எதிரில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க மாட்டேன். இந்த விஷயத்தில் மட்டும் பேச வேண்டிய நேரத்தில் பல்லிளித்துக்கொண்டு நின்றேன்.

ஈப்போவில் மின்சார அலுவலகத்தில் ரிலே பெட்டிகளைச் சோதிப்பது என் வேலை. நாட்டின் கரண்டு நொடிக்கு ஐம்பது தடவை துடிக்க வேண்டும். பெரிய மின்நிலையம் ஒன்று திடீரென்று நின்றுபோனால் மற்றவை பாரம் தாங்காமல் திணறும், அந்த ஐம்பது சரியத் தொடங்கும். சரிய விட்டால் நாடே இருண்டுபோகும். அதனால் ரிலே யாரையும் கேட்காமல், கண்ணிமைக்கும் நேரத்தில் சில இடங்களைத் துண்டித்துவிடும். அதற்கு ஊரும் தெரியாது, ஆளும் தெரியாது. யாரை முதலில் துண்டிப்பது என்று பட்டியல் போடுவது மனுஷன்தான்.

சில வருஷங்களுக்கு முன் அந்தப் பட்டியலைப் புதிதாகத் தட்டச்சு செய்தவன் நான். சுங்காய் பக்கம் நான் பிறந்த தோட்டத்துக்குப் போகும் லைனும் அதில் இருந்தது. எந்த மாதிரி இடம் என்று கேட்கும் கட்டத்தில் 'லாடாங்' என்று அடித்தேன். மலாய் மொழியில் தோட்டம் என்று அர்த்தம். அங்கே ரப்பர் பால்மரங்களைச் சாய்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இப்போது வரிசை வரிசையாக மலிவு விலை வீடுகள், அதில் ஒன்றில் என் அக்கா. ஆனாலும் அங்கே கிளம்பும்போதெல்லாம் "தோட்டத்துக்குப் போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்வேன். எங்கள் ஆட்கள் எல்லாருமே அப்படித்தான் சொல்வார்கள். வாய்க்கு வந்த பழக்கம் விரலுக்கும் வந்துவிட்டது.

எங்கள் இன்ஜினியர், அவரும் தமிழர்தான், எட்டிப் பார்த்தார்.

"லாடாங்கா? மொத வரிசையில போடுலா. பால்மரத்துக்கு எதுக்குக் கரண்டு?"

நான் சிரித்தேன். நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவருக்குத் தெரியாது, சரி. எனக்குத் தெரியாதா? அதற்கு முந்தின வாரம்தான் அக்கா வீட்டில் சோறு தின்றுவிட்டு ஃபேனுக்கு அடியில் படுத்துத் தூங்கியிருந்தேன்!

பிறகு அக்காவுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷினை வீட்டில் வைத்தார்கள். அப்போதாவது பட்டியல் ஞாபகத்துக்கு வந்ததா? இல்லை. கரண்டு வேலைக்காரன் என்ற பெருமையோடு, மெஷினுக்கு நல்ல பிளக்காகப் பார்த்து மாட்டிவிட்டு வந்தேன். மடையன்.

ஒருநாள் மத்தியானம் எங்கேயோ ஒரு மின்நிலையம் நின்றது. ஐம்பது சரிந்தது, முதல் வரிசை விழுந்தது, சரிவு நின்றது. இன்ஜினியர் கைதட்டினார். "பாத்தியா, ஈப்போல ஒரு லைட்டுகூட மினுக்கல!" நானும் சேர்ந்து தட்டினேன். அந்தக் கையோடுதான் கைப்பேசியை எடுத்தேன். அக்காவின் கணவர்.

"மெஷின் நின்னுபோச்சு மச்சான். சின்ன சிலிண்டர மாட்டியிருக்கேன், முள்ளு செவப்புலேயே நிக்குது, காத்து தீரப்போவுது. ஒதடெல்லாம் நீலமா ஆவுது. கரண்டு எப்ப வரும்?"

 "தோட்டத்து லைன மறுபடி போடுங்க சார்!" என்று கத்தினேன்.

"மேலேருந்து சொல்லாம போட முடியாது. ஒனக்குத் தெரியும்தானே?"

"அங்க என் அக்கா மூச்சு விட முடியாமக் கெடக்குறா சார்!"

"அங்க வீடு இருக்கா?" என்றார். மனுஷன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். பட்டியலை எடுத்து அவர் முன்னால் வீசினேன். கீழே, தயாரித்தவர் என்ற இடத்தில், என் கையெழுத்து. 

மச்சான் பக்கத்து வீட்டு வேனில் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். உயிர் தப்பியது. மறுநாள் காலையில் முதல் வேலையாக பட்டியலில் 'லாடாங்' மேல் கோடு கிழித்துவிட்டு 'வீடுகள்' என்று எழுதிக் கொடுத்தேன்.

"சரி, அந்த எடத்துல யாரப் போடுறது?" என்றார் இன்ஜினியர்.

"நீங்க போற கோல்ஃப் கிளப்பப் போடுங்க."

 நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா முகமூடியைக் கொஞ்சம் விலக்கினாள்.

"தம்பி, நேத்து எல்லா எடத்துலயும் கரண்டு போச்சா?"

இவ்வளவு வாய் பேசுகிறவன், "ஆமாக்கா" என்றேன்.

"ஈப்போலயுமா?"

"ஈப்போலயும்தான்."

"அப்ப சரி," என்று கண்ணை மூடிக்கொண்டாள். "நான்கூட நம்மள மட்டும் கழட்டி விட்டுட்டாங்களோன்னு நெனச்சிட்டேன்."