நிலூபா மாற்றிய விதி

சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் நான் ரியூசன் கொட்டில் வைத்திருக்கிறேன். கணிதம் படிப்பிக்கிறேன். ஞாயிறு பின்னேரம் வகுப்பு இல்லை. அந்த நேரத்தில் நாலு பேர் அங்கே கூடுவோம். நாலு பேரும் முப்பதைத் தாண்டினவர்கள். விளையாடப் போகிறோம் என்றால் சிரிப்பார்கள் என்று வீட்டில் 'கூட்டம்' என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்.

விளையாட்டை நடத்துகிறவள் நிலூபா. தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லாரோடும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பம். அவள் பிறந்தது புத்தளத்தில், அகதிக் குடியிருப்பில். பதினெட்டு வயதில் வாப்பா லாபிரோடு யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவுக்குத் திரும்பி வந்தபோது அவளுக்கு ஓர் ஒழுங்கையும் தெரியாது. கொப்பியும் பென்சிலுமாக நடந்து நடந்து தன் ஊரைத் தானே வரைந்து பழகினாள். இன்றைக்கு நில அளவையாளர் ஒருவரின் கந்தோரில் காணிப் படம் வரைகிறாள். எங்கள் விளையாட்டுக்கான காடுகளையும் அவள்தான் வரைவாள். ஆறு எந்தப் பக்கம் வளைகிறது, பாலை மரம் எங்கே நிற்கிறது என்பதில் ஒரு நூல்கூடப் பிசகாது.

விளையாட்டு இதுதான். அவள் கதை சொல்லுவாள். நாங்கள் மூன்று பேரும் கதைக்குள் ஆளுக்கொரு மனிதராக இருந்து, என்ன செய்கிறோம் என்று சொல்லுவோம். முடியுமோ முடியாதோ என்று சந்தேகமான காரியம் என்றால் இருபது முகத் தாயக் கட்டையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு அந்தத் திறமைக்கு எங்களுக்குள்ள புள்ளியைக் கூட்டி, அவள் வைத்த எண்ணைத் தொட்டால் காரியம் நடக்கும்.

கார்த்திகை மழை கொட்டிய ஒரு ஞாயிறு. கதையில், காட்டுக் கிராமம் ஒன்றில் ஒரு பெண் பிரசவ வலியில் கிடக்கிறாள். மருத்துவிச்சியைக் கள்ளர் ஆறு பேர் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சாருஜா வைத்தியர், நான் வில்லாளி, ஜெயசுதன் தடம் பார்க்கிறவன். சாருஜா நிசத்தில் ஆஸ்பத்திரித் தாதி. ஜெயசுதனுக்கு முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை. பத்து வருடமாக நிலத்தைப் பார்த்தே சோறு தின்கிறவன்.

ஆற்றங்கரை மணலில் தடம் தேட அவன் கட்டையை உருட்டினான். மூன்று விழுந்தது. அவனுடைய ஐந்து புள்ளியோடு எட்டு. தேவை பதினைந்து.

"உங்களுக்கு ஒண்டும் தெரியேல்லை, அண்ணை. மணல் வெறுமனே கிடக்கு" என்றாள் நிலூபா.

"ஆறு பேர் ஒரு பொம்பிளையை இழுத்துக்கொண்டு போயிருக்கினம். மணலிலை ஒண்டும் இல்லையோ?"

"மூண்டெல்லோ விழுந்தது."

"கட்டையை விடும். மணலைப் பற்றிக் கதையும்."

"விதி அப்பிடித்தான் அண்ணை. தெரியேல்லை எண்டால் தெரியேல்லை."

ஜெயசுதனின் கை மேசையில் இறங்கியது. நிலூபாவின் பிளேன்ரீக் கோப்பை கவிழ்ந்து, தேநீர் காட்டுப் படத்தின் மேல் கொட்டுண்டது. "ஒண்டும் இல்லையெண்டு எழுதுறது லேசு!" என்று கத்தினான். அவன் கத்தி நாங்கள் கேட்டதில்லை. எழுந்து மழைக்குள் இறங்கினான். மோட்டார் சைக்கிள் ஒழுங்கையைத் தாண்டும் சத்தம் கேட்டது.

பிறகு சாருஜா மெல்லச் சொன்னாள். "அவரோடை வேலை செய்த சிமியோனை எங்கடை வாட்டுக்குத்தான் கொண்டுவந்தவை. ரண்டு வருசமாச்சு. ஜெயசுதன் பாத்துச் சரி எண்டு சொன்ன பாதையிலைதான் அவன் கால் வைச்சவன். முழங்காலுக்குக் கீழை இல்லை."

அந்தக் கிழமை நிலூபா எத்தனை தரம் போன் எடுத்தும் அவன் பதில் சொல்லவில்லை. புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு, பஸ் பிடித்து என்னிடம் வந்தாள். முகம் காய்ந்திருந்தது.

"நான் பிழை விட்டிட்டன், மயூரதன்."

"உமக்கு அண்டைக்குச் சிமியோன்ரை கதை தெரியாதே."

"அதைச் சொல்லேல்லை. விளையாட்டிலை பிழை. ஆறு பேர் நடந்தால் தடம் இருக்கும். கட்டை எப்பிடி மணலை அழிக்கும்? அதோடை, ஒண்டும் இல்லையெண்டு சொன்னாப் பிறகு நீங்கள் மூண்டு பேரும் எங்கை போறது? கதை அந்த இடத்திலையே செத்துப்போச்சு."

விதி எழுதிய தாளை எடுத்துக் குறுக்கே கோடு போட்டாள். கீழே புதிதாக எழுதினாள். தடம் எப்போதும் இருக்கும், தேடினால் கிடைக்கும். எவ்வளவு நேரம் போகும் என்பதைத்தான் கட்டை சொல்லும். அதன் கீழே பன்னிரண்டு கட்டம் கீறினாள். ஒரு கட்டம் ஒரு மணித்தியாலம். பன்னிரண்டும் அழிந்தால் பிரசவம்.

ஞாயிறு ஜெயசுதன் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். ஹெல்மெற்றைக் கழற்றாமலே வாசலில் நின்று புது விதியைக் கேட்டான்.

"என்னிலை இரங்கியோ மாத்தினனீர்?"

"இல்லை."

"சாருஜா சொல்லிப்போட்டா, என்ன?"

சாருஜா தலைகுனிந்தாள்.

"ஓம், சொன்னவ" என்றாள் நிலூபா. "ஆனால் அதுக்காக மாத்தேல்லை. இது இரக்கமில்லை அண்ணை. முந்தின விதியிலை தவறினால் சும்மா நிண்டிருப்பியள். இதிலை தவறினால் அந்தப் பொம்பிளை சாகலாம்."

அவன் அந்தப் பன்னிரண்டு கட்டத்தையும் பார்த்து ஹெல்மெற்றைக் கழற்றினான். பிறகு வந்து உட்கார்ந்தான்.

"சிமியோன்ரை விசயத்தை விசாரிச்சவை எழுதினவை, அடையாளம் ஒண்டும் இருக்கேல்லை, ஆரிலையும் பிழையில்லை எண்டு. இருந்தது. ஒரு சாண் அகலத்துக்கு மண் பதிஞ்சிருந்தது. உச்சி வெய்யில், நிழல் விழேல்லை. நான் பாக்காமல் கடந்து போனன்."

நிலூபா படத்தில் ஆற்றங்கரையைத் தொட்டுக் காட்டிக் கேட்டாள்: "அப்ப இந்த மணலை எப்பிடிப் பாப்பியள்?"

"இப்ப அங்கை என்ன நேரம்?"

"பின்னேரம். வெய்யில் சரிஞ்சிட்டுது."

"அப்ப சூரியனைப் பாத்தபடி குந்தி, கன்னத்தை நிலத்தோடை வைச்சுப் பாப்பன். சின்னப் பள்ளத்துக்கும் நிழல் விழும்."

"அதுக்கு ரண்டு புள்ளி கூட. உருட்டுங்கோ."

ஆறு விழுந்தது. கூட்டினால் பதின்மூன்று, பதினைந்துக்கு இரண்டு குறைவு. அவன் நிலூபாவின் முகத்தையே பார்த்தான்.

"தடம் கிடைக்குது" என்றாள் அவள். "ஆனால் மூண்டு மணித்தியாலம் போயிட்டுது." மூன்று கட்டத்தை அழித்தாள்.

கள்ளரின் இடத்தைக் கண்டு, சாருஜாவின் தந்திரத்தால் மருத்துவிச்சியை மீட்டபோது எட்டுக் கட்டம் போயிருந்தது. நாலு மிச்சம். நிலூபா படத்தில் விரலை வைத்தாள். "வேகமாத் திரும்பினால் ரண்டு மணித்தியாலம். ஆனால் வழியிலை கள்ளர் கண்ணி வைச்சிருக்கினம். பாத்துப் பாத்துப் போனால் அஞ்சு."

"ஓடுவம்!" என்றாள் சாருஜா. "நாலுதான் இருக்கு."

"மெல்லப் போவம்" என்றான் ஜெயசுதன்.

"அந்தப் பிள்ளை செத்துப்போகும்!"

"மருத்துவிச்சி போய்ச் சேராட்டி எப்பிடியும் சாகும். நான் முன்னுக்குப் போறன். என்ரை அடியிலை அடி வையுங்கோ."

அவன் உருட்டிய கட்டை மேசை ஓரம் வரைக்கும் ஓடி நின்றது. பதினொன்று, ஐந்தோடு பதினாறு. இரண்டு கண்ணியைக் கண்டு விலத்தி, எல்லாரையும் காயமில்லாமல் கொண்டுவந்து சேர்த்தான். ஆனால் ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டது.

தாய்க்காக நிலூபா எங்கள் கண்முன்னாலேயே கட்டையை உருட்டினாள். பத்துக்கு மேல் வேண்டும். நாலு விழுந்தது.

"குழந்தை இருக்கு" என்றாள். "தாய் இல்லை."

சாருஜா கண்ணைத் துடைத்தாள். நிலூபா கட்டையை எடுக்கவும் இல்லை, மாற்றி உருட்டவும் இல்லை. நான் ஜெயசுதனைத்தான் பார்த்தேன். எழும்பிப் போய்விடுவானோ என்று பயம். அவன் எழும்பவில்லை.

"ஆத்தங்கரையிலை மூண்டு மணித்தியாலம் விட்டது நான்தான்" என்றான். "அப்பிடியே எழுதும், நிலூபா."

அவள் கட்டங்களுக்குக் கீழே எழுதினாள்.

தைப்பொங்கலுக்கு முந்தின கிழமை அவன் சிமியோனின் வீட்டுக்குப் போய் வந்ததாகச் சாருஜா சொன்னாள். என்ன கதைத்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. நிலூபா புது விதியை விடவில்லை. தாயில்லாத அந்தக் குழந்தைக்குப் பால் தேடித்தான் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டில் அலைகிறோம். முன்னால் போகிறவன் ஜெயசுதன்.