தலைவரை வெளியே உட்கார வைத்த கதை

எங்கள் பாப்டிஸ்ட் சபைகளின் சங்கத் தலைவர் என் லாட்ஜ் படியேறி வந்தபோது நான் வேண்டுமென்றே எழுந்திருக்கவில்லை. செங்கம் ரோட்டில் மூன்று மாடி லாட்ஜ் அது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் கட்டியது. பிரான்சிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வருகிற படித்த மனிதர்கள் எல்லாம், வெந்நீர் வரவில்லை என்றால் என் முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். அதனால் ஒரு ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியருக்காக நாற்காலியை விட்டு எழுந்திருப்பானேன்?

தலைவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊரில் பாதிப் பேர் அவர் கையால் பிரம்படி வாங்கியவர்கள். அன்றைக்கு என் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். கூடவே எங்கள் சபை பாஸ்டரும் வந்திருந்தார். நாற்பது வயதுக்காரர், நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த சுபாவம்.

"ஸ்தோத்திரம் பிரதர்" என்றார் தலைவர்.

முப்பது வருடத்துக்கு மேலாக என்னை அவர் பிரதர் என்று கூப்பிட்டதில்லை. தெருவில் எதிரே வந்தால் மலையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்.

"இன்னா சார், வழி தப்பி வந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

பாஸ்டர்தான் விஷயத்துக்கு வந்தார். எங்கள் சங்கத்தில் இருப்பவை எல்லாம் சுற்றுவட்டாரக் கிராமங்களின் சின்னச் சின்னச் சபைகள். பாதிச் சபைகளில் ஞாயிற்றுக்கிழமை நரைத்த தலைகள் மட்டும்தான். பிள்ளைகள் ஓசூர், சென்னை என்று போய்விட்டார்கள். மீதி இருப்பவர்கள் வேங்கிக்கால் தாண்டி ஒரு பெரிய ஷெட்டில் டிரம்ஸும் கீபோர்டுமாக நடக்கிற கூட்டத்துக்குப் போகிறார்கள். ஒரு பாஸ்டர் வாரநாளில் ஷேர் ஆட்டோ ஓட்டித்தான் வீட்டில் உலை வைக்கிறார். இப்படியே போனால் சங்கம் மூடிவிடும் என்று பயந்து, புத்துயிர்க் கூட்டம் என்று ஒன்று போட்டிருக்கிறார்கள். சென்னையிலிருந்து வந்த ஒருவர் சுவரில் கலர் காகிதங்களை ஒட்டி, "உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டாராம். யோசித்து யோசித்து யாரோ ஒருவர் எழுதிய ஒரே பதில்: இடம்.

உண்மைதான். வெள்ளைக்கார மிஷன் காலத்தில் வாங்கிய எங்கள் சபை வளாகம், அடி அண்ணாமலைப் பக்கம் கிரிவலப் பாதையை ஒட்டிப் பெரிய மைதானமாகக் கிடக்கிறது.

"பௌர்ணமிக்கு வர்ற வண்டிங்கள உள்ள நிறுத்த விட்டா சபைங்களுக்கு நிரந்தரமா ஒரு வழி பொறக்கும்ணா" என்றார் பாஸ்டர். "அந்தத் தொழில்ல உங்கள விட்டா இந்த ஜில்லாவுலயே ஆள் இல்ல."

அதுவும் உண்மைதான். ஆனால் நான் சிரித்தது அதற்காக இல்லை. நான் சிரிக்கச் சிரிக்கத் தலைவர் தலை குனிந்துகொண்டே போனது. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குக் கல்யாணமான புதிதில் அடி அண்ணாமலையில் ஒரு துண்டு மேட்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தேன். எதைப் போட்டாலும் காய்ந்தது. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற சனம், சைக்கிளையும் வேனையும் எங்கே விடுவது என்று தெரியாமல் திண்டாடுவதைப் பார்த்தேன். முளை அடித்தேன், கயிறு கட்டினேன், சீட்டுக் கொடுத்து வண்டிகளை நிறுத்தினேன். அந்தப் பக்கம் அதற்கு முன் யாருக்கும் அந்த மூளை வேலை செய்யவில்லை. முதலில் செய்தவன் நான்.

இந்தத் தலைவர் அப்போது எங்கள் சபையின் செயலாளர். சபைக் கூட்டத்தில் எழுந்து என் மேல் புகார் வைத்தார். "விக்கிரகத்தைக் கும்பிடப் போறவன் வண்டிக்குக் காவல் இருக்கறதும் விக்கிரகத்தைக் கும்பிடறதும் ஒண்ணுதான்" என்றார்.

எங்கள் சபைக்கு மேலே பிஷப் கிடையாது, கேட்பதற்கு ஆள் கிடையாது. முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு கை. கை ஜாஸ்தி எந்தப் பக்கமோ அதுதான் தீர்ப்பு. புகாருக்கு ஆளானவன் வெளியே போய்விட வேண்டும். ஆலயத்தின் பக்கவாட்டில், ஞானஸ்நானம் கொடுக்கிற சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. மற்ற நாளில் காய்ந்து கிடக்கும். அதன் விளிம்பில் உட்கார்ந்து காத்திருப்பது வழக்கம். உள்ளே பேசி முடித்ததும் கூப்பிட்டு, தீர்ப்பைச் சொல்லி, அவனுக்காக எல்லோரும் ஜெபம் பண்ணுவார்கள்.

நான் போய் உட்கார்ந்தேன். எந்தத் தொட்டியில் முங்கி எழுந்தேனோ அதே தொட்டி. சித்திரை வெயில். உள்ளே பேச்சு ஓய்ந்தது, முடிவுப் பாட்டு கேட்டது, கதவு திறந்தது, எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். என்னைக் கூப்பிட மறந்துவிட்டார்கள். ஒருவர் சைக்கிள் பூட்டைத் திறந்தபடியே, "உன்ன நிறுத்திட்டாங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது.

நிறுத்துவது என்றால் இதுதான்: ராப்போஜனம் என்கிற திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் கிடையாது, கூட்டத்தில் கை கிடையாது. திரும்பச் சேர வேண்டுமானால் புகார் சொன்னவரே எழுந்து "எனக்குத் திருப்தி" என்று சொல்ல வேண்டும். செயலாளர் போட்ட விதி அது. அவர் இன்னொரு விதியும் போட்டார். ஒருவர் சொன்ன புகார் நிலைக்கவில்லை என்றால், சொன்னவரையே நிறுத்த வேண்டும். ஊர்வம்பை அடக்கப் போட்டதாம். அதில் முதலில் மாட்டியது எங்கள் சபையின் ஒரு அக்கா. செயலாளரின் மனைவி ஆலய வராந்தாவில் மிளகாய் காயப் போட்டார் என்று அந்த அக்கா புகார் சொன்னார். எல்லோரும் போய்ப் பார்ப்பதற்குள் மிளகாயை அள்ளிவிட்டார்கள். அக்காவுக்கு அரை வருஷம் ராப்போஜனம் இல்லை.

எனக்கு அரை வருஷத்தில் தீரவில்லை. ஒரு தடவை அவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டேன். "தொழிலை விடு, பாக்கலாம்" என்றார். நான் விடவில்லை. அந்தக் கயிற்றிலிருந்துதான் வேன் வந்தது, நிலம் வந்தது, லாட்ஜ் வந்தது. விட்டிருந்தால் இன்றைக்கு எவன் லாட்ஜுக்கோ நான் வாட்ச்மேன்.

என் மனைவியை யாரும் நிறுத்தவில்லை. அவளாகவே நிறுத்திக்கொண்டாள். மாதத்தின் முதல் ஞாயிறு ராப்போஜனத்தில், ரசம் ஊற்றிய சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள் அடுக்கிய தட்டு வரிசை வரிசையாகக் கைமாறி வரும். அவள் அதை வாங்கி, ஒன்றும் எடுக்காமல் பக்கத்திலிருப்பவர் கையில் கொடுத்துவிடுவாள். "நீ எடுத்துக்கோடி, எனக்கு இன்னா" என்று எத்தனையோ முறை சொன்னேன். "நீ வெளிய நிக்கும்போது எனக்கு எறங்காது" என்பாள். அப்படியே இருந்து, அப்படியே செத்தும் போனாள். அடக்கத்துக்கு இந்தத் தலைவர் வந்தார். நீளமாக ஜெபம் பண்ணினார். அந்த ஜெபத்திலும் "திருப்தி" என்ற வார்த்தை வரவில்லை.

இப்போது அதே மனிதர், அதே பௌர்ணமி வண்டிக்கு என்னிடம் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"சரி சார்" என்றேன். "முளை, கயிறு, லைட்டு, ஆளு எல்லாம் என்னுது. வர்றது பூரா சங்கத்துக்கே. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். மன்னிச்சு சேத்துக்கறோம்னு சொல்லக்கூடாது. அந்தப் புகாரே நிக்காது, தப்புன்னு சபையில நீங்க சொல்லணும்."

தலைவர் முகம் தெளிந்தது. இவ்வளவுதானா என்று நினைத்திருப்பார். "சொல்றேன் பிரதர். சந்தோஷமா சொல்றேன்" என்றார். பாஸ்டருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நானும் முகத்தை நல்லபடியாகவே வைத்துக்கொண்டேன். லாட்ஜ் நடத்துகிறவனுக்கு அது கைவந்த கலை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டம் கூடியது. தலைவர் எழுந்து மைதானத்தைப் பற்றிப் பேசினார். "யாத்திரை வர்றவங்களும் மனுஷங்கதான். அவங்களுக்கு எடமும் தண்ணியும் கொடுக்கறது நம்ம சாட்சி" என்றார்.

மிளகாய்ப் புகார் சொன்ன அக்கா பெண்கள் பக்கத்திலிருந்து கேட்டார்: "அப்ப இவரு அன்னைக்கிக் கொடுத்தது இன்னா சார், சாராயமா?"

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்து வைத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டி, "இவர் மேல நான் வெச்ச புகார் நிக்காது. அது தப்பு. எனக்குத் திருப்தி" என்றார். கைகள் உயர்ந்தன. பாஸ்டர், "ஆமென்! இனி அண்ணனுக்கும் கை உண்டு" என்றார்.

உடனே அந்தக் கையை உயர்த்தினேன். நன்றி சொல்லப் போகிறேன் என்று நினைத்து எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"எனக்குப் படிப்பு கம்மி" என்றேன். "ஆனா காது நல்லா கேக்கும். புகார் நிக்கலன்னு சார் வாயாலயே சொல்லிட்டாரு. நிக்காத புகார் சொன்னவர இன்னா பண்ணணும்னு சாரே ஒரு விதி போட்டாரு. சார் மேல நான் இப்ப புகார் வெக்கறேன்."

"அந்த விதி ரொம்பப் பழசு" என்று தலைவர் இழுத்தார். "இப்ப அதெல்லாம்..."

"இப்ப இன்னா?" என்று அக்கா எழுந்துவிட்டார். "எனக்குன்னா விதி, உங்களுக்குன்னா பழசா? மொளகா காஞ்சது நெஜம்யா! நான் கண்ணால பாத்தேன். அரை வருஷம் என்ன வெளிய வெச்சீங்க!"

"அக்கா, உக்காருங்க" என்று பாஸ்டர் கெஞ்சினார்.

"நான் உக்காந்துக்கறேன். அவர எழுப்புங்க மொதல்ல."

தலைவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பக்கத்து ஜன்னல் வழியாக, அவர் தொட்டி விளிம்பைத் தடவிப் பார்த்து உட்காருவது தெரிந்தது. ஒருவர் குடையை எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்தார். "எனக்கு யாரும் குடை தரல" என்றேன். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் அவசரப்படவில்லை. அந்த மேட்டு நிலத்தில் முதல் முளை அடித்ததிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். என் மனைவி தட்டை நகர்த்தியதைச் சொன்னேன். அந்தத் தட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கியவர்களே அங்கே இருந்தார்கள். வெயில் ஏற ஏற நானும் கதையை நீட்டினேன். உரக்கப் பேசத் தெரிந்தவன் நான். ஜன்னலுக்கு வெளியே கேட்க வேண்டியது எல்லாம் கேட்டிருக்கும்.

பாஸ்டர் கை தூக்கச் சொன்னார். அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நானும் அக்காவும் இன்னும் சில பேரும் தூக்குவோம், மீதி ஆட்கள் பயப்படுவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி ஆகவில்லை. ஒவ்வொருவருக்கும் அவர் மேல் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. பிள்ளைக்குச் சீட்டு தராதது, கல்யாணத்துக்கு ஆலயம் தராதது, இப்படி. தலையைக் குனிந்துகொண்டே தூக்கினார்கள், ஆனால் தூக்கினார்கள்.

பாஸ்டர் அவரைக் கூப்பிட நகர்ந்தார். நான் மறித்தேன்.

"பாட்டு முடியட்டும் பாஸ்டர்."

"வேணாம்ணா. வயசானவரு."

"அவரு விதிப்படியே போயிட்டோம், அவரு வழக்கப்படியே முடிச்சிடலாம்."

பாட்டு ஆரம்பமானது. எல்லாச் சரணமும் பாடினோம். பாட்டுப் புத்தகத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன், ஆனால் எனக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம். அன்றைக்கு என் குரல்தான் எல்லோரையும் விட மேலே கேட்டது.

கதவு திறந்ததும் முதல் ஆளாக நான் வெளியே போனேன். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"உங்கள நிறுத்திட்டாங்க சார்" என்றேன்.

"ஜெபம் பண்ணாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

சொல்லிவிட்டு என் காருக்குப் போனேன். அன்றைக்கு மத்தியானம் பிரியாணி வாங்கி லாட்ஜில் வேலை செய்கிற எல்லோருக்கும் போட்டேன்.

சொன்ன சொல்லை நான் காப்பாற்றினேன். இன்றைக்குப் பௌர்ணமி என்றால் எங்கள் மைதானத்தைப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு கிராமத்துச் சபையும் முறை வைத்து வந்து வேலை செய்கிறது. ஓசூர் போன பிள்ளைகள்கூட அந்த இரண்டு நாள் ஊருக்கு வந்துவிடுகிறார்கள். விசில் ஊதுவதில் அவர்களுக்கு அப்படி ஒரு ஆசை. ஆட்டோ ஓட்டிய பாஸ்டர் ஆட்டோவை விற்றுவிட்டார். ஒழுகிக்கொண்டிருந்த ஆலயங்களுக்கு ஓடு மாற்றியாயிற்று. ஒருவரோடு ஒருவர் பேசாத சபைகள் ஒரே பாத்திரத்தில் சாப்பாடு பொங்கிச் சாப்பிடுகின்றன. புத்துயிர் புத்துயிர் என்று காகிதத்தில் ஒட்டினார்களே, அதைக் கயிற்றில் கட்டிக் கொடுத்தவன் நான். சங்கத்துக்கு நீங்களே தலைவராக வாருங்கள் என்று கேட்கிறார்கள். மாட்டேன் என்று நான் சொல்லவில்லை.

பழைய தலைவர் இரண்டு முறை லாட்ஜுக்கு வந்தார். நான் எழுந்து "எனக்குத் திருப்தி" என்று சொன்னால்தான் அவர் ராப்போஜனப் பந்திக்குத் திரும்ப முடியும். அவர் போட்ட விதியை மாற்ற அவரிடமும் கை இல்லை. வந்தபோது டீ வாங்கிக் கொடுத்தேன், ஏ.சி. போட்டேன், மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அந்த வார்த்தையை மட்டும் கொடுக்கவில்லை.

போன பௌர்ணமி மத்தியானம் மைதானத்தில் நின்றிருந்தேன். பாஸ்டர் ஓடி வந்தார்.

"அண்ணா, சார ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. மூச்சு வாங்குது. வர்ற ஞாயிறு ராப்போஜனம். தட்டை அங்கேயே எடுத்துனு போலாம்னு பாக்கறேன். சபையக் கூட்டறேன், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"எதுக்கு?"

"அப்படியே போயிட்டா இன்னாணா பண்றது?"

"எங்க வீட்டம்மா அப்படியேதான் போனாங்க பாஸ்டர்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் ஒரு ஆந்திரா பஸ் கேட்டில் குறுக்கே நின்றுவிட்டது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. எனக்குத் தெலுங்கும் வரும். பாஸ்டர் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு, டிரைவரைப் பின்னால் எடுக்கச் சொல்லி, "வெனக்கி, வெனக்கி" என்று கத்தியபடி பஸ்ஸின் பின்பக்கம் நடந்தேன்.